உட்பக்கம் கழுவாத குழாய்

திண்டுக்கல்லில் ஆடு அறுக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கட்டும். சூசை கடைக் கறியில் ஒரு முடி ஒட்டியிருந்தது என்று சொல்ல இந்த ஊரில் ஒரு நாக்கு கிடையாது. ரெட்டியார்சத்திரத்துத் தக்காளிக் காட்டில் கூலி வேலை பார்த்து, மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்காமல் டவுனுக்கு வந்து, சொந்தமாகக் கடை போட்ட மனுஷன். சுத்தம்தான் அவர் போட்ட முதல்.

அதனால்தான் தொண்ணூற்றெட்டில், கல்லூரி ஆராய்ச்சிக்கு ஆட்டின் ரத்தக்குழாய் வேண்டுமென்று நசீம் பானு என்ற பெண் வந்து கேட்டபோது, மார்க்கெட்டே சூசையைக் கைகாட்டியது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயை அறுத்து, அவள் கொடுத்த ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புவார். "நம்ம குழாய வச்சுத்தான் நெஞ்சுவலிக்கே வழி கண்டுபிடிக்கிறாக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு மாதம் போனது. பானு முகம் வாடி வந்தாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மருந்து விட்டா குழாய் தளரணும். நீங்க குடுக்குறது தளரவே மாட்டேங்குது. எங்க சார் இனிமே மதுரையில வாங்கச் சொல்லிட்டாரு."

பக்கத்தில் குடல் விற்கும் கருப்பம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. "ஏலே சூசை, செத்த ஆட்டையா அறுத்துக் குடுத்த?"

"நீ ஒன் குடலப் பாரு ஆத்தா" என்றவர் பானுவிடம் திரும்பினார். "தாயி, ஒன் கண்ணு முன்னாலயே எடுத்துத் தாரேன். கொற இருந்தா சொல்லு."

எடுத்தார். குழாய்க்குள் விரலை விட்டு, கல் உப்புப் போட்டு நாலு தேய் தேய்த்து, தண்ணீரில் அலசிப் பளபளவென்று நீட்டினார்.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?"

"பின்ன? ரத்தத்தோடயா குடுப்பேன்? சூசை கடைச் சரக்கு தாயி."

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் தன் கைதான் குழாயைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தாள். குழாயின் உட்பக்கம் செல்கள் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும். ரத்தத்தில் வரும் சேதியை அந்த அடுக்குதான் வாங்கி, வெளியே இருக்கும் தசைக்குத் தளரச் சொல்லி அனுப்பும். ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு அது கெட்டுக் குழாய் விறைத்துப்போகும் என்று விளக்கினாள். "அந்த அடுக்கத்தாண்ணே கழுவி விட்டுட்டீங்க."

"அம்புட்டு மெல்லிசா?"

"கண்ணுக்கே தெரியாது."

சூசை அடுத்த ஆட்டுக்குப் போனார். உள்ளே விரல் படாமல், இழுக்காமல், முட்டைத் தோலைத் தொடுவதுபோல் குழாயை எடுத்து ரத்தத்தோடு பெட்டியில் விட்டார். கடையை அடைத்துவிட்டு, தானும் அவளோடு டவுன் பஸ் ஏறினார்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பானு குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, இழுப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவியின் கொக்கியில் மாட்டினாள். முதல் மருந்துக்கு அது இறுகியது. சுழலும் தாளில் கருவியின் பேனா மேலேறி நின்றது. அடுத்து, தளரச் செய்யும் மருந்தை விட்டாள். பேனா அசையவில்லை. சூசை குனிந்து பேனா முனையையே பார்த்தார். பிறகு குழாய் தளர, பேனா சரசரவென்று இறங்கிற்று.

"அடுத்தத மாட்டு தாயி" என்றார். அதுவும் இறங்கிற்று.

மதுரையில் வாங்கச் சொன்ன பேராசிரியர் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். "நாளைக்கும் இதே மாதிரி கிடைக்குமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை சார். கடையில நிக்க எடம் இருக்காது" என்று நிமிர்ந்தார் சூசை. "ஆனாலும் மொத ஆடு ஒங்களுக்குத்தான்."