கேமரா முன் அம்மா

காக்ஸ் டவுனில் அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குக் கேமரா வைத்துக் கொடுத்தவள் கனடாவில் இருக்கும் அக்கா. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டருகே நின்று, கேமராவைப் பார்த்து அவளுக்குக் கை அசைப்பாள். இதே ஊரில் இருந்துகொண்டு வாராவாரம் மளிகை வாங்கிக் கொடுக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

போன மாதம் வீட்டில் இன்டர்நெட்டுக்குப் புது ரவுட்டர் மாட்டியதும் அக்காவின் போனில் படம் நின்றுபோனது.

"உங்க அக்கா தூங்கவே இல்லையாம்டா. கொஞ்சம் வந்து பாரு" என்றாள் அம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்தக் குரலில் இத்தனை பதற்றம் இருந்ததில்லை.

போய்ப் பார்த்தேன். கேமராப் படத்தைப் பதியும் ரெக்கார்டரோடு இணைத்த டிவியில் படம் தெரிந்தது, என் போனில் வரவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டியும் பயனில்லை. பழைய ரவுட்டருக்கு ஏற்ற ஐபி முகவரியை ரெக்கார்டரில் நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அது புது ரவுட்டரோடு ஒத்துப்போகவில்லை. முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். என் போனில் கேட் தெரிந்தது.

"கேட்டாண்ட போய் எனக்கு ஒரு தடவ கை காட்டும்மா."

"நீதான் எதிர்லயே இருக்கியேடா, உனக்கெதுக்கு?"

என்றாலும் போனாள். முடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்து, கை அசைத்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, "அவ பாத்துட்டாளா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டா" என்றேன். சரியாகிவிட்டது என்று அக்காவுக்கு நான் அப்போது சொல்லியிருக்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன்.