கறை இருக்கட்டும், நானும் இருக்கிறேன்

எனக்கு நோய் வந்தது கழிவறையில். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதைப் படிக்கிற சிலருக்கும் அங்கேதான் வந்திருக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் அது. திருவண்ணாமலையில் வீடு இருந்தால் தீபத்துக்கு யாரையும் தனியாக அழைக்க வேண்டியதில்லை, சொந்தக்காரர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பதினாறு பேர் வருகிறார்கள், கழிவறை ஒன்றுதான். போர்வெல் தண்ணீரின் உப்பு டைல்ஸில் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. வேலூரிலிருந்து வரும் என் நாத்தனார், கணவரின் அக்கா, வந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் கறையைத்தான்.

ஆசிட்டை ஊற்றினேன். போதாதென்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். சமையலறை வரை நெடி அடித்தால் வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தேன்.

இரண்டும் கலந்தால் விஷவாயு வரும் என்று எனக்குத் தெரியாது. கண் எரிந்தது. மிளகாயை அரைத்துத் தொண்டையில் பூசியது போல இருந்தது. அப்போதும் கறை போய்விட்டதா என்றுதான் பார்த்தேன். போயிருந்தது.

மறுநாள் மாலை எல்லோரும் மலையைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனார்கள். பதினெட்டுப் படி. நான் நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போன மூச்சு வெளியே வரமாட்டேன் என்றது. மலையில் தீபம் ஏற்றிய நேரத்தில் நான் ஆட்டோவில் கணவரின் தோளில் சாய்ந்து கிடந்தேன். ஆஸ்பத்திரியில் நெபுலைசரை (மருந்தை ஆவியாக்கி மூச்சோடு கொடுக்கும் கருவி) முகத்தில் மாட்டினார்கள். மூன்று நாள் படுக்கையில் இருந்தேன். தீபத்தைப் பார்க்கவில்லையே என்று அழுதேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து ஸ்பைரோமெட்ரி (ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனை) செய்தார்கள். டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்த வாயு மூச்சுக்குழாயப் புண்ணாக்கிடுச்சுங்க. இது இப்ப ஆஸ்துமா (மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும் நோய்). இனிமே நெடி எது வந்தாலும் உங்களுக்கு இழுக்கும்."

"எப்ப சரியாகும் மேடம்?"

"கம்மியாகும். முழுசா போயிடும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தாளிகள் இரண்டு நாள் பார்க்கப்போகும் தரைக்காக வாழ்நாள் மூச்சைக் கொடுத்திருக்கிறேன்! வீட்டுக்கு வந்ததும் சிங்க்குக்கு அடியிலிருந்த ஆசிட், பிளீச்சிங், ஃபினாயில், ரூம் ஸ்பிரே, பீரோவிலிருந்த அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன்.

"எல்லாத்தையும் ஒரேடியா தூக்குனா எப்படி மகேசு? கொஞ்சம் கொஞ்சமா பண்ணலாமே" என்றார் கணவர்.

"எனக்கு ஒரேடியாத்தாங்க வந்துச்சு" என்றேன். அவர் அட்டைப்பெட்டி எடுத்துவரப் போனார்.

நுரை தரும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரில் பாத்திரமும் தரையும் கழுவினோம். குழாய்க்குப் புளியும் உப்பும். டைல்ஸுக்கு எலுமிச்சைத் தோல். கறை பாதிதான் போனது, மீதி நகரமாட்டேன் என்றது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இயற்கை என்ற பெயருக்கு என் நுரையீரல் தனி மரியாதை எதுவும் தருவதில்லை. சீயக்காய்த் தூளைக் கொட்டும்போது பறந்த தூசிக்கே இழுத்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் புகைதான், அதையும் நிறுத்தினேன். சாமிக்கு நல்லெண்ணெய் விளக்கு மட்டும். அது போதாது என்று அவர் இதுவரை சொன்னதில்லை.

சாப்பாட்டிலும் கை வைத்தேன். கலர் போட்ட பாக்கெட் மசாலாவை விட்டுவிட்டு வீட்டில் வறுத்து அரைக்கிறோம். வறுப்பது கணவர், நான் அப்போது வாசலில் நிற்பேன். கீழ்பென்னாத்தூரில் என் தம்பி பயிர் வைக்கிறான். ஒருமுறை அங்கே போயிருந்தபோது, கத்திரிக்காய்க் கொல்லையில் அடித்த பூச்சிமருந்தின் நெடியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

"அடிக்கலனா கத்திரிக்கா பூரா புழுதான்கா" என்றான்.

"புழுவ நான் வெட்டி எறிஞ்சுக்கறேன்டா. எனக்கு ரெண்டு பாத்தி அடிக்காம வுடு."

விட்டான். பாதியைப் புழு தின்கிறது, மீதியை நாங்கள் தின்கிறோம். இதனால் ஆஸ்துமா குணமாகும் என்று நான் சொல்லவில்லை. என்னைத் திணறடித்த நெடி என் தட்டுக்காக அடிக்கப்படக் கூடாது என்ற பிடிவாதம்தான்.

அந்தப் பிடிவாதம் ஒருமுறை என்னையே கவிழ்த்தது. வீட்டிலிருந்து ரசாயனமெல்லாம் போயாயிற்று, டாக்டரம்மா தினமும் உறிஞ்சச் சொன்ன இன்ஹேலர் மருந்து மட்டும் எதற்கு என்று தோன்றியது. கிரிவலப் பாதையில் ஒருவர் பொடி ஒன்றைக் கொடுத்து, இதுவே போதும் என்றார். இன்ஹேலரை நிறுத்திய பத்தாம் நாள் மறுபடியும் நெபுலைசர்.

"வீட்ட மாத்துனீங்க, ரொம்ப சரி. மருந்த நிறுத்தச் சொன்னது யாரு?" என்று டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்தார். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். இன்ஹேலர் இப்போது என் பைக்குள் சாவிக்கொத்தோடு இருக்கிறது.

அடுத்த தீபம் வந்தது. அதே பதினாறு பேர். நாத்தனார் பையை வைத்த கையோடு கழிவறையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மகேசு இது, டைல்ஸ் இப்பிடி இருக்குது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றவர், பையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்தார். "நீ வெளிய இரு. அஞ்சே நிமிசம், நான் கழுவிடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி ஊட்டியவர். ஆனாலும் நான் கழிவறை வாசலை மறித்து நின்றேன்.

"அண்ணி, அந்த பாட்டில் உள்ள போச்சுன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். பதினாறு பேருக்கும் நீங்களே ஆக்கிப் போடுங்க."

"ஒரு கறைக்கா இவ்ளோ பேசற?"

"கறை இருக்கட்டும் அண்ணி. நானும் இருக்கணும் இல்ல?"

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து, நாங்கள் டைல்ஸுக்குத் தேய்க்கும் எலுமிச்சைத் தோல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மாலையில் எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். நான் மெதுவாக ஏறினேன். பதினோராவது படியில் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேன்.

"மகேசு, சீக்கிரம் வா! ஏத்தப் போறாங்க!" மேலேயிருந்து நாத்தனார் கத்தினார்.

"நீங்க பாருங்க அண்ணி, நான் வரேன்."

சற்று நேரத்தில் ஊர் முழுக்க 'அரோகரா' எழுந்தது. ஏற்றிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மலைமேல் அந்தத் தீபம் பதினோரு நாள் எரியும். இந்த ஊர்ப்பக்கம் பிறந்தும் போன வருஷம் அது எனக்குத் தோன்றவில்லை. மூச்சு உள்ளே போய், முழுதாக வெளியே வரும்வரை இருந்தேன். பிறகு எழுந்து பன்னிரண்டாவது படியில் கால் வைத்தேன்.