முதாசிர் ஒப்படைத்த பங்கு

சென்னை கீழ்க்கட்டளையில் அந்தத் தெருவில் யார் ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாவி ஜஹீராவின் கைக்குத்தான் வரும். சாவி மட்டுமா? கூரியரில் வரும் பொட்டலம், தொட்டிச் செடிக்குத் தண்ணீர், கூண்டுக் கிளிக்குத் தீனி, எல்லாம் அவள் பொறுப்பு. ஒருவர் நம்பி ஒப்படைத்த அமானிதத்துக்கு நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பயம் சின்ன வயதிலேயே அவள் நெஞ்சில் ஊறிவிட்டது.

அப்பேர்ப்பட்டவள், பக்ரீத் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்துக் காய்ச்சினாள். திரிந்துபோனது. பதறிப் போய் மேலே ஃப்ரீசரைத் திறந்து ஒரு கறிப் பொட்டலத்தை அழுத்தினாள். கல்லாக இருக்க வேண்டியது. ஓரத்தில் விரல் பதிந்தது.

ஃப்ரீசரில் பாதி அவள் வீட்டுக் கறி. ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்து வைத்தது. மீதிப் பாதி மாடி வீட்டு முதாசிருடையது. குர்பானி கொடுத்த ஆட்டில் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய பங்கு. படப்பைப் பக்கம் சில குடும்பங்களுக்கு வருஷா வருஷம் அவனே கொண்டுபோய்க் கொடுப்பான். இந்த வருஷம் மாமனாருக்கு முடியவில்லை என்று ஆம்பூருக்கு ஓடவேண்டியதாயிற்று. "அக்கா, நான் வர்ற வரைக்கும் இதப் பாத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கும். நீ போட்டுக் குழப்பிக்காத" என்றார் கணவர் மைதீன் பிச்சை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் செருப்புக் கடை போடுகிறவர். மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜஹீராவால் உட்கார முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள். குளிர் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினாள். ஃப்ரிட்ஜைச் சுவரை விட்டு நகர்த்தினாள். திறந்து பார்த்தாள். மூடினாள். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே மறுபடியும் போய்த் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து முதாசிர் போன் செய்தான்.

"அக்கா, மாமாவுக்குத் தேவல. நாளைக்குக் காலைல வந்துருவேன். நேரா படப்பைதான். கறி நல்லா இருக்குல்ல?"

"இருக்குப்பா" என்றது அவள் வாய். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சொல்லிவிட்டாளே, இனி அது நல்லபடி இருந்தாக வேண்டுமே.

எதிர்வீட்டு பிளஸ்ஸி வந்தாள். "கதவு நடுவுல பேப்பர வெச்சு மூடி இழுத்துப் பாருங்கக்கா. லேசா வந்துச்சுன்னா ரப்பர் போச்சு." இழுத்தார்கள். மேல்கதவில் பேப்பர் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை வெந்நீரில் துடைத்தார்கள். அப்போதும் வந்தது. பிளஸ்ஸியே மெக்கானிக் சம்பத்துக்குப் போன் போட்டாள்.

மத்தியானம் ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்துக்கு சம்பத் வந்து மேல்கதவைத் திறந்தான்.

"இன்னாக்கா, ஆட்டு மந்தையே உள்ள கீது?"

"கேஸ் போயிருச்சா தம்பி?"

"கேஸெல்லாம் சோக்காதான் கீது. இந்த எலும்புப் பொட்டலம் கதவுல முட்டிக்கினு கீது, பாருங்க. அந்தச் சந்துல காத்து பூந்து பின்னாடி ஐஸு பாறையாட்டம் கட்டிக்கிச்சு. ஃபேனு எப்டி சுத்தும்? காலைலேர்ந்து எத்தினி தபா தொறந்தீங்க?"

பிளஸ்ஸிதான் சொன்னாள்: "ஐசியூல ஆள் கெடக்கற மாதிரி எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தாங்க."

"அதான் ஜுரம் வந்துகீது. எல்லாத்தையும் எடுத்துட்டு, ஆஃப் பண்ணி, கதவத் தொறந்து வுடுங்க. நாளைக்குக் காலைல ஐஸு தானா கரைஞ்சிடும். கத்தி கித்தி வெச்சுக் குத்தாதீங்க."

"அதுவரைக்கும் கறி?"

"அத்த நீங்கதான் பாத்துக்கணும்" என்று அவன் அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினான்.

"எங்க வீட்டு ஃப்ரீசர்ல பாதி வெச்சுக்கலாம்" என்றாள் பிளஸ்ஸி. "மிச்ச எடத்துல வஞ்சிரம் மீன் கிடக்கு. எந்தப் பாதிக்கா?"

ஜஹீராவின் கை முதலில் நல்லிப் பொட்டலத்தின் மேல்தான் போனது. மகள் வந்து நாளாகிறது. பொட்டலம் சில்லென்று விரலில் ஒட்டியது. இதுதானே கதவில் முட்டியது? மகளுக்கென்று ஆசைப்பட்டுத் திணித்ததுதானே அடுத்தவர் பங்கையும் சேர்த்து இளக வைத்தது? அஸ்தஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தாள். நல்லியை ஓரமாக வைத்துவிட்டு முதாசிருடைய பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் இளகியிருந்தாலும் நடு இறுக்கமாகத்தான் இருந்தது. பிஸ்மி சொல்லி பிளஸ்ஸியின் கையில் கொடுத்தாள்.

தன் வீட்டுக் கறியை முழுக்க அடுப்பில் ஏற்றினாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவில் கறி சாப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் போயிற்று. இருந்தும் மனம் அடங்கவில்லை. ஏதாவது சாக்கில் எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

"எங்க ஃப்ரீசருக்கும் ஜுரம் வந்துரும்க்கா" என்று பிளஸ்ஸி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் முதாசிர் வந்தான். பொட்டலங்கள் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இறுகியிருந்தன. நடந்ததையெல்லாம், போனில் "இருக்கு" என்று சொன்னதையும் சேர்த்து, ஜஹீரா அவனிடம் ஒப்பித்தாள். அவன் ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்தான்.

"ஆட்டுக்கறில மீன் வாசன வருதேக்கா?"

"கவர்லதான்டா. கழுவுனா போயிரும்" என்றாள் பிளஸ்ஸி.

அவன் வண்டி படப்பைக்குக் கிளம்பித் தெருமுனையில் மறைந்த பிறகுதான் ஜஹீரா நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளுக்குப் போன் போட்டாள்.

"உம்மா, நல்லி இருக்குல்ல?"

"இல்ல. முட்டை வாங்கி வெக்கிறேன், வாங்க" என்றாள்.

ஃப்ரிட்ஜ் மறுபடி உறுமத் தொடங்கியிருந்தது. எழுந்து போய்க் கதவில் கை வைத்தாள். திறக்காமல் திரும்பி வந்தாள்.