தேத்தண்ணி வடி பூட்டிய கார்

எங்கள் கார் மறுபடியும் ஓடப்போகிறது என்பதே எனக்குத் தேத்தண்ணி வடி காணாமல் போனதில் இருந்துதான் தெரியவந்தது. அம்மா குசினி முழுக்கத் தேடினார். வடி காரின் பொனற்றுக்குள் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ப் பூட்டியவள் என் அக்கா.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போரால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது. அக்கா லைசென்ஸ் எடுத்த கையோடு நின்றது என்பதுதான் கொடுமை. இருபது வயதில், கையில் லைசென்சும் வீட்டில் காரும் இருக்க, அவள் சைக்கிள் உழக்கித் திரிந்தாள். கோப்பாயில் எங்கள் வளவுக் கொட்டிலில் அப்பாவின் பழைய ஏ-40 கார் சும்மா நின்றது. பின் சீற்றில் கோழி அடைகிடந்தது.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டலாம் என்பதை அதற்குள் ஊரே கண்டுபிடித்திருந்தது. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் கார் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. மாற்றியதும் இருமும், வெள்ளைப் புகை கக்கும், நின்றுவிடும். அப்பா கூட்டிவந்து காட்டியவர்கள் எல்லோரும், தங்களுக்கு முன் வந்து பார்த்தவனைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா விடையைக் குசினியில் கண்டாள். விறகு நனைந்த நாட்களில் அம்மா காற்றடிக்கிற மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பை எடுப்பார். முதலில் ஸ்பிரிற்றை ஊற்றிக் கொளுத்தி அதன் தலையைச் சூடாக்க வேண்டும். சூடு காணாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பீச்சியடிக்கும். அன்று அம்மா அவசரப்பட்டுவிட்டார். குக்கர் வெள்ளைப் புகை கக்கியது. அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா ஈரக்கையோடு அதையே பார்த்தபடி நின்றாள்.

“உதுதானம்மா! எங்கடை காருக்கும் உதுதான் வருத்தம்!” என்று கத்திக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினாள். அன்று சோறு பிந்தித்தான் வெந்தது.

எஞ்சினுக்குள் போகிற காற்றைச் சூடாக்கிவிட்டால் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகும் என்பது அவள் யோசனை. தகர மாப் பேணி ஒன்றை வெட்டி விரித்து, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயைச் சுற்றிக் கட்டினாள். எண்ணெய்த் தகரத்தைச் சுருட்டி இன்னொரு குழாய் செய்து, பேணிக்குள் சூடாகும் காற்றைக் காபரேற்றரின் வாய்க்குக் கொண்டுபோனாள். தூசு போகாமல் இருக்கத்தான் தேத்தண்ணி வடி. கையெல்லாம் தகரம் கீறிய காயம். அவளைப்போல ஒரு கெட்டிக்காரி இந்த உலகத்திலேயே இல்லை என்று அன்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்ற எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

அப்பாவோ, “என்ரை காருக்குள்ள சமையல் நடக்குது” என்று அயலுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே காரை விற்கவும் பேசி முடித்திருந்தார். வாங்க வந்தவர் சாவகச்சேரியில் அரிசி மில் வைத்திருந்த பெரியவர். எஞ்சினைக் கழற்றி மில்லுக்குப் பூட்டுவது அவர் எண்ணம். அது நல்ல எஞ்சின் என்று காட்ட அப்பா தானே ஏறியிருந்தார். சோக்கை இழுத்தார், தள்ளினார், இழுத்தார். கார் இருமியது. மில்காரர் சால்வையால் மூக்கைப் பொத்தினார்.

“அப்பா, கொஞ்சம் அங்கால இருங்கோ” என்றாள் அக்கா.

செண்ட் போத்தலில் சேர்த்து வைத்திருந்த பெற்றோலில் சில துளிகள் விட்டாள். கார் உறுமியது. பேணி சூடேறும்வரை பொறுத்திருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினாள். நிற்கவில்லை.

“சாவகச்சேரி வரைக்கும் ஓடிக் காட்டுறன். வழியில நிண்டால் எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போங்கோ. நிக்காட்டில் கார் எங்களுக்கு.”

பெண்பிள்ளை கார் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அப்பா வாயெடுப்பதற்குள், மில்காரர் தன் சைக்கிளைக் காரின் கூரையில் தூக்கி வைத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். “ஓம் பிள்ளை, எனக்கும் உழக்கிற வேலை மிச்சம்” என்றார். அப்பா முன்னால் ஏறினார். நான் யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டேன்.

தெருவில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. காதை எஞ்சினிலும் கண்ணைத் தெருவிலும் வைத்திருந்தாள்.

கைதடிக்குப் போகும் உப்பு வெளியில் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. அந்தக் காற்றில் அக்காவின் பேணி ஆறத் தொடங்கியது. கார் இருமியது. வெள்ளைப் புகையும் வந்தது. மில்காரர் தாடையைத் தடவினார். நான் முன் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா காரை ஓரங்கட்டினாள். ஆனால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கவில்லை. எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும்.

“அப்பா, இறங்குங்கோ! பின்னால சாக்குக் கிடக்கு, றேடியேற்றரை மூடிக் கட்டுங்கோ!”

“கொதிச்சுப்போகும் பிள்ளை!”

“கொதிக்கட்டும் அப்பா! அடுப்பைக் காத்துக்குள்ள வைச்சால் எரியுமே?”

அப்பா யார் சொல்லியும் ஒரு வேலை செய்து நான் கண்டதில்லை. அன்று இறங்கி ஓடினார். சாக்கு இருந்தது, கட்டக் கயிறு இல்லை. ஒரு கணம் நின்றார். பிறகு தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை உருவி, அதால் சாக்கை இறுக்கிக் கட்டினார். இருமல் மெல்ல மெல்ல அடங்கியது. சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் எங்கள் கார் அப்பாவின் சால்வையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல் போய் இறங்கியது.

மில்காரர் பொனற்றைத் திறக்கச் சொல்லி, தேத்தண்ணி வடியை நெடுநேரம் பார்த்தார். “இது ஆற்றை வேலை தம்பி?”

“என்ரை மகளின்ரை” என்றார் அப்பா. அன்று காலைவரை அதைச் சமையல் என்று சொன்னவர்.

சில மாதங்கள் கழித்து மில்காரர் மனைவியோடு வெற்றிலைத் தட்டம் கொண்டுவந்தார். கார் வேண்டாமாம், மில்லைப் பார்க்கும் தங்கள் மகனுக்கு அக்காவைக் கேட்டார்கள். அக்காவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது. “மில் எஞ்சினைத் தொட விடுவினமோ?” என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு அனுப்பினாள். மில்காரர் உரக்கச் சிரித்தார். “அதுக்குத்தானே கேக்கிறம்!”

கலியாணம் முடிந்து புறப்படும்போது அப்பா கார்ச் சாவியை அக்காவின் கையில் வைத்தார்.

நான் குழறி அழுதேன். அக்காவைப் பிரிகிறேன் என்று எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார்கள். நான் அழுதது காருக்காக. அக்கா நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவாள். பந்தயத்தில் வென்ற காரை அப்பா இப்படிச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாரே!

அப்பா அழவில்லை. சம்பந்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரைப் பற்றியே கதைத்தார்.

“வெளியால போகேக்கை சாக்குக் கட்டோணும் அண்ணை. பேணி இளகுதோ எண்டு இடைக்கிடை பாக்கோணும். காலமையில அவசரப்படுத்தக் கூடாது...”

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிடித்த கையை விடவேயில்லை. அந்தப் பெரிய கூட்டத்தில் என் துக்கம் விளங்கிய ஒரே ஆள் அப்பாதான் என்று நினைத்து, அவருடைய சால்வைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.