மாப்பிள்ளை காரில் கேட்ட டொக் டொக்

கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் யார் கார் முனகினாலும் ஓரெஸ்ட் கோஸ்டியுக்குக்குத்தான் போன் வரும். போனை இஞ்சினருகே பிடித்தால் போதும். "ஒண்ணொண்ணா பிளக் ஒயரைக் கழட்டிப் பாருய்யா. எதைக் கழட்டினா சத்தம் குறையுதோ, நோய் அங்கதான்" என்பார். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்தத் தலைக்கனமும் கொஞ்சநஞ்சமல்ல.

அறுபத்திரண்டு வயதில் மனிதர் காதலில் தலைகுப்புற விழுந்தார். பெண், பள்ளிப் பேருந்து ஓட்டும் லெசியா. ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில், மூன்று மணிக்குக் கல்யாணம். தேவாலயம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அக்கம்பக்கத்தார் எல்லோரும் முன்னாலேயே போய்விட்டார்கள். புது கோட்டு மாட்டி, கல்யாண ரொட்டியைப் பின்சீட்டில் வைத்து, தன் முப்பது வயது நீலக் காரைக் கிளப்பினார் ஓரெஸ்ட்.

டொக். டொக். டொக்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அடியிலிருந்து வந்தது சத்தம். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் அதுவும் விரைந்தது. பேரிங் போய்விட்டது! பாதி வழியில் இஞ்சின் இறுகி நின்றுவிடும். மணி இரண்டேகால். லெசியாவுக்குப் போன் போட்டார்.

"லெசியா, கார் செத்துப்போச்சு. உன்னைக் காக்க வச்சுட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

"ஒப்பாரிய அப்புறம் வச்சுக்கலாம். போனை இஞ்சின்கிட்ட பிடி."

"எனக்கேவா?"

"பிடிய்யா!"

பிடித்தார்.

"ஒயரைக் கழட்டிப் பாத்தியா?"

"நாலையும் பாத்தேன். எதுலயும் குறையல."

"அப்போ நோய் உள்ள இல்லையே! ஊருக்கே பாடம் எடுக்கற, உனக்கு மட்டும் மறந்துபோச்சா? நேத்து ராத்திரி உறைபனின்னு காரைக் கரண்ட்ல போட்டியே, அந்த ஒயர் எங்க?"

ஓரெஸ்ட் குனிந்தார். இஞ்சினைச் சூடாக வைக்கும் அந்த ஒயரைக் காலையில் பிடுங்கியவர், வழக்கம்போல் காரின் முன்கம்பியில் சுற்றவில்லை. கல்யாண அவசரத்தில் பானெட்டுக்குள் திணித்துவிட்டார். அதன் கனத்த பிளக் தொங்கி, இஞ்சினின் அடியில் சுழலும் புல்லிச் சக்கரத்திடம் சுற்றுக்கு ஒரு அடி வாங்கிக்கொண்டிருந்தது.

இஞ்சினை நிறுத்தி ஒயரை வெளியே இழுத்துக் கட்டினார். மறுபடி கிளப்பினால் கார் சமர்த்தாக உறுமியது. தனியாக நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியொரு சந்தோஷம் அவருக்கு வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தேவாலயத்துக்குள் ஓடினார். காதில் வட்டமாகக் கரி. லெசியா விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். அது இன்னும் பரவியது.

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "லெசியாவை மனைவியா ஏத்துக்கிறியா?"

ஓரெஸ்ட் அவளைப் பார்த்தார்.

"ஏத்துக்கிறேன் ஃபாதர். இனிமே என் காருக்கும் அவதான் டாக்டர்."