கம்பத்திலிருந்து தேனிக்கு: ஒரு பொய்ப் பல்வலியும் ஒரு பால் சந்தேகமும்

2009 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தேனிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மகள் கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில், சொந்தச் சம்பளத்தில், மார்பில் சிலிகான் வைத்துக்கொண்டவள். அது அவள் புருஷன் செந்திலுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒரு ரகசியம் என்னிடம் மூன்று வருடம் தங்கியது குடும்பத்தில் அதுவே முதல் முறை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். கவிதா படித்து, நாலு வரியை அடித்த பிறகுதான் இதைப் போடுகிறேன்.)

இப்போது அவளுக்கு ஒரே பயம்: பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா? கம்பத்தில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா, மாமியார் ஈஸ்வரி மதினிக்குச் சொந்தம். அங்கே வாயைத் திறக்க முடியாது. ஆகவே தேனி.

கம்பத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாமல் போவதில்லை. பையைப் பிடிக்க ஒருவர், டாக்டர் சொன்னதை ஊருக்குச் சொல்ல ஒருவர் கூடவே வருவார்கள். அதனால், “வீரபாண்டி கோயிலுக்குப் போறோம்” என்று ஈஸ்வரி மதினியிடம் சொன்னேன்.

“ஏழு மாசக்காரியக் கூட்டிக்கிட்டா? ஒங்க ஊர்ல புத்தி சொல்ல ஆளே இல்லையா மதினி?”

உடனே கவிதாவுக்குப் பல்வலி என்று மாற்றினேன். பல்லுக்கெல்லாமா துணைக்கு வருவார்கள்?

“இருங்க, சேலைய மாத்திட்டு வாரேன்” என்றார் மதினி.

காலை 8.40 பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது, மலையும் தெரியும். கவிதாவுக்கு மலை தெரியவில்லை, கன்னத்தைப் பிடித்தபடி குனிந்தே வந்தாள். உத்தமபாளையத்தில் ஏறியவர் கிராம்பு கொடுத்தார். சின்னமனூரில் ஏறிய அம்மா உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். வீரபாண்டி வரும்போது கை வலித்து, கவிதா கன்னத்தை மாற்றிவிட்டாள்.

“இந்தப் பக்கமுமா வலிக்குது ஆத்தா?”

“பரவுது அத்தை.”

“எனக்கும் ஆறு மாசமா கடவாப் பல்லு இப்பிடித்தான்” என்றார் மதினி. எனக்கு அந்த இடத்தில் வழி பிறந்தது.

9.55க்குத் தேனி. பல் மருத்துவர் அறையில், “நீங்க மூத்தவுக, முதல்ல நீங்க” என்று மதினியை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஊசி போட்டுப் பிடுங்க முக்கால் மணி நேரம் என்றார்கள். கவிதாவும் நானும் இரண்டு தெரு தள்ளியிருந்த மகப்பேறு மருத்துவரிடம் ஓடினோம். ஓடியது நான் மட்டும். அவள் அசைந்து வந்தாள்.

டாக்டர் முதலில் கேட்டது, எங்கே வெட்டினார்கள் என்று. மார்புக்கு அடியில், மடிப்பில்.

“நல்லது. காம்பைச் சுத்தி வெட்டியிருந்தா பால் வர்ற குழாயும் நரம்பும் அறுபட வாய்ப்பு அதிகம். உங்களை மாதிரி நிறையப் பேர் பால் குடுக்கிறாங்க. முழுசா வரும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள குடுக்க ஆரம்பிங்க. பிள்ளையோட எடையையும், எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுதுங்கிறதையும் கவனிங்க. பத்தலைன்னா மேல்பால் சேத்துக்கலாம்.”

“சிலிகான் பால்ல கலந்துருமா டாக்டர்?”

“அதனால பிள்ளைக்குக் கெடுதல் வந்ததா தெரியல. ஆனா பிரசவம் பாக்குற டாக்டர்கிட்ட இதை மறைக்காதீங்க.”

அந்தக் கடைசி வரியில் கவிதாவின் முகம் வாடியது. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் மதினிக்குத் தெரியும்.

திரும்பிப் போனால், மதினி கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் பேசக் கூடாதாம்.

“சித்தி, அத்தை பேசாத ஒரு மணி நேரம் எனக்கு இனிமே கிடைக்காது” என்று கவிதா என் காதைக் கடித்தாள்.

12.10 பேருந்தில் கூட்டமில்லை. கடைசி இருக்கையில், எஞ்சின் இரைச்சலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மதினி அவள் மார்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கென்றே தனியாக வைத்திருந்தது. சின்னமனூர் தாண்டியதும், “பால் வராமப் போச்சுன்னா என்னை என்ன நினைப்பீக அத்தை?” என்று கவிதா அழுதாள்.

உத்தமபாளையத்தில் மதினி பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தார்.

“நான் ஒண்ணும் வைக்கலயே ஆத்தா. செந்திலுக்குச் சொட்டுப் பால் வரல.”

“அப்புறம்?”

“பக்கத்து வீட்டு ஜைனபுதான் அவ மகளுக்குக் குடுக்கையில இவனுக்கும் குடுத்தா. அவுக மார்க்கத்துல அது ஒரு மொறை. பால்குடி அண்ணன்னா கூடப் பெறந்த அண்ணந்தான். ஒங்க கல்யாணத்துல ஒம் பக்கத்துலயே ஒரு பொண்ணு நின்னாளே, அவ யாருன்னு நெனச்ச?”

அந்தப் பெண் யார் என்று கல்யாணத்தன்று நான் மூன்று பேரிடம் விசாரித்தேன். இதை ஒருவரும் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் இந்த ஊரில் எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதே காரணத்துக்காகப் பயணம் போகிறவர்களுக்கு: அறுவைச் சிகிச்சைக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள், எங்கே வெட்டினார்கள் என்பதே முதல் கேள்வி. ஆறு, ஏழு மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். பல்வலி என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். தேனி வரை கன்னம் பிடிக்க வேண்டியிருக்கும்.

மே மாதம் பெண் குழந்தை. டாக்டரம்மாவிடம் மதினியே முன்கூட்டிப் பேசியிருந்தார். மூன்றாம் நாள் பால் வந்தது. இடப்பக்கம் தாராளம், வலப்பக்கம் கொஞ்சம். வாராவாரம் எடை பார்த்தோம். பிள்ளை பார்க்க வந்த பெண்கள், கம்பத்து வழக்கப்படி, செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்கள்: “பால் இருக்கா?”

மதினி வாசலை மறித்து நின்று சொன்னார்: “இருக்கு, இருக்கு. பத்தலேன்னா ஜைனபு மக இருக்கா, அவளுக்கும் போன மாசந்தான் பிள்ள பெறந்திருக்கு. நீங்க காப்பி குடிக்கிறீகளா?”