பாக்கியம் அக்காவின் கைப்பைக்குள் போன குமிழ்

செவ்வாய்க்கிழமை காலை, லா சப்பலில் உள்ள எனது மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பாக்கியம் அக்காவின் மகள் நிரோசா. இங்கே பிரெஞ்சு நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்; நான் தமிழில் ஒன்று கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவர். அன்று தமிழில் மட்டும் பேசினார்.

"மாமா, அம்மா விடிய எழும்பேல்லை. நித்திரையிலயே போயிட்டா."

பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் வந்து வெண்டிக்காய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் உட்கார்ந்திருந்ததே வெண்டிக்காய்ப் பெட்டியின் மேல்தான்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப் பெயர் பாக்கியலட்சுமி. லா கூர்னெவ்வில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தார். ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கே படுக்கை விரிப்புகளை உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் காஸில் எரிபவை. அவற்றின் முன்னால் நின்று நின்று அக்காவுக்கு ஒரு காது வாய்த்திருந்தது. இயந்திரம் நன்றாக இருக்கிறதா, நாளைக்கு மக்கர் பண்ணப்போகிறதா என்பதை அவர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். எனக்கு அவர் இரத்த உறவில்லை. ஆனாலும் என் காதைத் திருகும் உரிமையை முதல் நாளே எடுத்துக்கொண்டார்.

அந்த முதல் நாள் அவர் கறிவேப்பிலை வாங்க வந்திருந்தார். வாங்கிய பிறகும் போகாமல், மீன் வைத்திருந்த குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உன்ர பெட்டி இருமுது."

"அது அப்பிடித்தான் அக்கா, பழசு."

"பழசெல்லாம் இருமிறதில்லை. காத்தாடியிலை தூசு அடைச்சிருக்கு. இண்டைக்கே துடை."

வந்த ஆள் கறிவேப்பிலையை வாங்கினோமா போனோமா என்று இல்லாமல் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. துடைக்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டி நின்றுவிட்டது; உள்ளே இருந்த விளைமீன் எல்லாம் குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் அக்கா வந்தார், வெறும் பெட்டியைப் பார்த்தார், இரண்டு கட்டு கீரை வாங்கிக்கொண்டு போனார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இவ்வளவு பட்டும் நான் திருந்தவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் மனைவி தேவி முப்பது ஆண்டுகளாக அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவள். விடியுமுன்னே எழுந்து முதல் மெட்ரோவைப் பிடிக்கிறவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒருநாள் கடலுக்குப் பக்கத்தில் கண்விழித்து, சூரியன் வருவதைப் படுத்தபடியே பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நான் ஒரு பழைய கம்பிங்கார் வாங்கினேன். கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி. அலமாரிக்குக் கீழே புரோபேன் காஸில் எரியும் ஷொபாஜ் ஒன்றும் இருந்தது. குளிரில் படுக்க அந்த வெப்பமூட்டி இல்லாமல் முடியாது. மாசி மாத விடுமுறையில் நோர்மண்டிக் கடற்கரைக்குப் போவது என்று நாள் குறித்தோம்.

வண்டி வாங்கினால் நாம் என்ன செய்வோம்? கோயில் வாசலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் சந்தனமும் குங்குமமும் வைத்தார், நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார், முன்பக்கம் ஒரு செவ்வந்தி மாலை போட்டார். இன்னொரு மாலை மிச்சம் இருந்தது. பக்கச் சுவரில் கிண்ணம் போல வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு தகர மூடியில் அதை மாட்டினேன். பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது. வண்டியை லா கூர்னெவ்வில் என் சாமான்கள் வைக்கும் கிடங்கின் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அன்று மாலையே உறவினர்களுக்கு ஷொபாஜைப் போட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் சத்தம் தொடங்கியது. போட்டவுடன் ஒரு "டும்". பிறகு தேங்காய் துருவுவது போல "கர்ர்ர்" என்று நிற்காத ஓசை. தேவி ஒரு மாலை உள்ளே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்தச் சத்தத்துக்குள்ளை நான் படுக்க மாட்டன். கடலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஷொபாஜைத் திறந்து கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். என்ன எண்ணெய்? கையில் இருந்தது நல்லெண்ணெய். அதற்குப் பிறகு ஷொபாஜ் போட்டால் வண்டி முழுக்கத் தோசை மணம். சத்தம் குறையவில்லை. அடுத்து, தேகப்பயிற்சிக்கு விரிக்கும் தடித்த பாய் ஒன்றை வெட்டி ஷொபாஜைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தோம். புதன்கிழமை பின்னேரம் அக்கா சந்தையில் வாங்கிய சாமான்களோடு கிடங்குப் பக்கமாக வந்தவர், வண்டியைப் பார்க்க ஏறினார். நான் பெருமையாக ஷொபாஜைப் போட்டேன். "டும்" கேட்டதும் அக்காவின் முகம் மாறியது.

"நிப்பாட்டு. முதல் காஸ் போத்தலைப் பூட்டு."

"ஏன் அக்கா?"

"பூட்டெண்டுறன்!"

போத்தலின் வாயைத் திருகிப் பூட்டினேன். அக்கா குனிந்து பாயைப் பார்த்தார். "இதென்ன கோதாரி? நெருப்புக்குப் போர்வையோ?" என்று அதைக் கிழித்து வெளியே எறிந்தார். பிறகு தேவியிடம் திரும்பி, "வாங்கின அண்டைக்கு இந்தச் சத்தம் இருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தேவியின் மேல் பாய்ந்துவிட்டு அக்காவிடம் திரும்பினேன். "கோயிலுக்குப் போனதாலை பழுதாப்போச்சு எண்டு சொல்லுறியோ? அக்கா, நீங்கள் துணி காயவைக்கிற மெசின் பாத்த ஆள். இது வேறை."

"காஸ் காஸ்தான் தம்பி. சரியான காத்துக் கிடைச்சால் அது உப்பிடி வெடிச்சுப் பத்தாது. எங்கையோ மூச்சு முட்டுது. சத்தத்தை மூடாதை, என்னத்துக்குக் கத்துது எண்டு பார்."

"வெள்ளிக்கிழமை நாங்கள் போறம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஷொபாஜைத் திருகிப் போடும் குமிழைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினார். கைப்பையைத் திறந்து, சாவிக்கொத்துக்கும் மெட்ரோ அட்டைக்கும் நடுவில் அதைப் போட்டு மூடினார்.

"இனிப் போ பாப்பம்" என்று சொல்லிவிட்டு, லீக்ஸ் கட்டு பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்க, இறங்கி நடந்தார்.

இரண்டு நாள் அக்காவோடு நான் பேசவில்லை. தேவியோடும் பேசவில்லை. கடைக்கு வந்தவர்களோடு மட்டும் வேறு வழியின்றிப் பேசினேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே கிடங்குக்கு வந்தார். ஒரு திருப்புளி, பல் துலக்கும் பழைய தூரிகை, கண் மை போடும் சிறு கண்ணாடி, இவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தவர், பக்கச் சுவரின் அந்தத் தகர மூடிக்கு முன்னால் நின்றார். காய்ந்து கறுத்த மாலை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதிலை மாலை போட்டது ஆர்?"

"நான்தான்."

"விசரா! இதுதானடா அதின்ர மூக்கும் வாயும்!"

ஷொபாஜ் காற்றை இழுப்பதும் புகையை விடுவதும் அந்த மூடியின் வழியாகத்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? அக்கா மூடியைக் கழற்றினார். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, தூரிகையால் இழுக்க இழுக்கச் செவ்வந்தி இதழ்கள் வந்தன. ஒரு பிடி, இரண்டு பிடி. உள்ளே காற்றாடியின் தண்டில் மாலை கட்டிய நூல் இறுகச் சுற்றியிருந்தது. "கர்ர்ர்" என்றது அதுதான். அக்கா அதைப் பொறுமையாகப் பிரித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, உன்ர பிரசாதம்."

தேவி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

குமிழைக் கேட்டேன். தரவில்லை. "காஸ் குழாயை நான் தொட மாட்டன். அதுக்குப் படிச்சுப் பத்திரம் எடுத்தவன் வந்து பாக்கோணும்" என்றார். செவ்வாய்க்கிழமை ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியை அவரே கூட்டிவந்தார். அந்த மனிதர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். புகைக்குழாயின் ஒரு மூட்டு நெகிழ்ந்திருக்கிறது என்றார். காற்று அடைபட்ட நிலையில் காஸ் எரிந்தால் வரும் நச்சுப்புகைக்கு மணமில்லை. அந்த மூட்டு வழியாக அது படுக்கைப் பக்கம்தான் வந்திருக்கும் என்றார். கடைசியாக, "இதோடு ஓர் இரவு தூங்கியிருந்தால் நீங்கள் எழும்பியிருக்க மாட்டீர்கள்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேவிக்குக் கடலைக் காட்டுகிறேன் என்று எங்கே கொண்டுபோகப் பார்த்தேன் என்று நினைத்தபோது, அக்காவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த மனிதர் மூட்டை மாற்றி, நச்சுப்புகை வந்தால் அலறும் சிறு கருவியொன்றையும் பூட்டிய பிறகு, அக்கா கைப்பையைத் திறந்து குமிழை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அக்கா அதைத் தேவியின் கையில் வைத்தார்.

"இது உன்னட்டை இருக்கட்டும் பிள்ளை. இவனை நம்பேலாது."

தேவி குமிழைப் போட்டுத் திருப்பினாள். "டக்" என்று ஒரு மெல்லிய ஓசை, பிறகு "உஸ்" என்று ஒரு மூச்சு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "ஓம், இப்ப நல்லா இருக்கு" என்றார். அந்த முகத்தில் இருந்த நிறைவை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அடுத்த வெள்ளியே நோர்மண்டிக்குப் போனோம். காலையில் கடல் ஜன்னலுக்கு நேரே இருந்தது. சூரியன் வந்தது. வண்டிக்குள் இதமான சூடு. தேவி மட்டும் எழும்பவில்லை. முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஒன்பதரை மணி வரை தூங்கினாள். எழுந்ததும், ஏன் எழுப்பவில்லை என்று என்னோடு சண்டை பிடித்துவிட்டு, அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு முறையிட்டாள். அக்கா சிரித்த சத்தம் எனக்கும் கேட்டது.

"கடல் எங்கையடி போகப்போகுது? நாளைக்குப் பார். நீ எழும்பினியே, எனக்கு அது காணும்."

பிறகு இரண்டு ஆண்டுகளில் பல கடற்கரைகளுக்குப் போய்விட்டோம். ஒருமுறை அக்காவையும் கூட்டிப்போனோம். கடலைப் பார்த்தாரோ இல்லையோ, ஷொபாஜுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆப்பிள் வெட்டிச் சாப்பிட்டபடி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது என் கடையில் குளிர்ப்பெட்டி லேசாக முனகினாலும் நான் தூரிகையை எடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை அக்காவுக்கு இறுதிக் கிரியை. தகனக்கூடத்தில் பெட்டியின் மேல் சாத்துவதற்குச் செவ்வந்தி மாலை ஒன்று கொண்டுபோயிருந்தேன். உடனே சாத்தவில்லை. ஓரமாக நின்று, உதிரப் பார்த்த இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி என் கோட்டுப் பைக்குள் போட்டேன். தொங்கிய நூல் நுனிகளை இறுக்கி முடிந்து உள்ளே செருகினேன். நிரோசா பக்கத்தில் வந்தார்.

"மாமா, என்ன செய்யிறீங்கள்?"

"நூல் தொங்கினால் கொம்மா ஏசுவா, பிள்ளை."

அழுதுகொண்டிருந்த நிரோசா சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. மாலையைச் சாத்தி, பெட்டியின் மேல் கை வைத்தேன்.

போயிட்டு வாங்கோ, அக்கா. குமிழ் தேவியிட்டைத்தான் இருக்கு.